தண்டவாளம் போகலாம், தடம் போகக் கூடாது

அரியாங்குப்பத்துக்கு ஆலிவ் எண்ணெய் புதிதல்ல. ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன்னால், இந்த ஊரின் ஆற்றங்கரையில் இருந்த துறையில் அது சுட்ட மண் ஜாடிகளில் வந்து இறங்கியிருக்கிறது. அந்த இடத்தைத்தான் இன்று அரிக்கமேடு என்கிறோம். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் அப்படிப்பட்ட ஜாடியின் உடைந்த கழுத்தையும் பிடியையும் பார்த்து வியந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், மறு வருடமே இங்கே குழி தோண்டினார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று அகழ்வு தொடர்ந்தது. கிடைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது எங்கே வனையப்பட்டது, உள்ளே என்ன இருந்தது என்று வகைப்படுத்தியவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர். பெரும்பாலானவை மதுச் சாடிகள். கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிக்குப் பிடி ஒற்றையாக இருக்காது. விரல் தடிமனுள்ள இரண்டு மண் உருளைகளைச் சேர்த்து ஒட்டி வளைத்திருப்பார்கள். கையகலத் துண்டு கிடைத்தாலும் அதை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். மதுவோடு, மீனை உப்பிலிட்டு எடுத்த சாறும் ஆலிவ் எண்ணெயும் வந்த சாடிகளும் இங்கே அடையாளம் காணப்பட்டன.

இந்த மண்ணை நடந்து பார்க்க விரும்புகிறவருக்கு வழி எப்படி இருக்கிறது? புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் முருங்கப்பாக்கம், பிறகு ஆற்றுப் பாலம், பிறகு அரியாங்குப்பம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் காக்காயந்தோப்பு. மாமரமும் தென்னையும் நிழல் தரும் தோப்புகளுக்கு நடுவே ஆற்றோரமாக அரிக்கமேடு. அதற்கும் அப்பால் செங்கழுநீர் அம்மனின் வீராம்பட்டினம், கடல். கொஞ்ச தூரத்துக்குள் ஆறு, கழிமுகம், அலையாத்தி மரங்கள், தோப்பு, தொல்லியல் மேடு, 18ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் நடத்திய குருமடத்தின் இடிந்த சுவர், மீனவர் ஊர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தென்னிந்தியாவில் இவ்வளவு சின்ன தூரத்தில் இவ்வளவு சங்கதி உள்ள நடைவழி அபூர்வம். ஆனால் இது நடைவழி என்று எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஊருக்குள் தார்ச்சாலை, அப்புறம் மண் தடம், அப்புறம் யாருடைய தோப்பு வரப்போ. இன்று விடுகிறார்கள், நடக்கிறோம். நாளை வேலி போட்டால் கேட்க நாதியில்லை. புதுச்சேரியைச் சுற்றிலும் தோப்புகள் மனைகளாகிக் கொண்டிருக்கும் காலத்தில் இது கற்பனைப் பயம் அல்ல.

என் வாதம் இதுதான்: பொது நிலத்தைப் பொது நிலமாகவே காப்பாற்றி வைப்பதற்கு மிக மலிவான, மிக உறுதியான வழி, அதில் ஜனங்களை நடக்க விடுவது. தோப்பு வழிக்கும் ஆற்றங்கரைக்கும் இது பொருந்தும். அதைவிட அதிகமாக, நம் நாட்டில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த, கிடக்கிற பழைய ரயில் தடங்களுக்குப் பொருந்தும். நடைபாதை என்றதும் பூங்கா, அழகுச் செடி, பொழுதுபோக்கு என்று நினைத்து அதைக் கடைசி வரிசையில் தள்ளிவிடுகிறோம். அது சொத்தைக் காக்கும் வேலை. சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. 1882ஆம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு வழியை 20 வருடம் தடையில்லாமல், யார் தயவையும் கேட்காமல் பயன்படுத்தி வந்தால் அந்த வழி மேல் உரிமை பிறக்கிறது. அரசு நிலமென்றால் 30 வருடம். கால் படுவது நின்றால் அந்தக் கணக்கும் நின்றுபோகும்.

ஆலிவ் விளையும் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் தெற்கே, அந்தலூசியாவில், ஹாயென் என்றொரு மாகாணம். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள். குன்று குன்றாகக் கண்ணுக்கு எட்டும் வரை சாம்பல் பச்சை. அந்த எண்ணெயை ஏற்றிச் செல்லப் போட்ட ரயில் பாதை லினாரெஸ் நகரத்திலிருந்து புவெந்தே ஹெனில் வரை 1893இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. எண்ணெய் ரயில் என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். லாரிகள் வந்தன, சரக்கு குறைந்தது, 1980களில் பாதையை மூடிவிட்டார்கள். நம் ஊராக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். 1993இல் ஸ்பெயின் அரசு, கைவிட்ட ரயில் தடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் திறந்துவிடும் பசுமை வழித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கும் மேலே அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றில் நீளமானவற்றுள் ஒன்று இந்த எண்ணெய் ரயில் தடம்: 128 கிலோமீட்டர். பள்ளத்தாக்குகளைத் தாண்டுவதற்கு 19ஆம் நூற்றாண்டில் போட்ட இரும்புப் பாலங்கள் அப்படியே நிற்கின்றன; ரயில் போன பாலத்தின் மேல் இன்று மனிதர்கள் நடக்கிறார்கள். பழைய நிலையங்கள் சில சாப்பாட்டுக் கடைகளாகவும் தங்குமிடங்களாகவும் ஆகிவிட்டன. கவனிக்க வேண்டியது ஒன்று: ரயில் போனபோது எப்படி ஒரே கீற்றாக, எங்கேயும் அறுபடாமல் அந்த நிலம் பொதுச் சொத்தாக இருந்ததோ, ரயில் நின்ற பிறகும் அப்படியே இருக்கிறது.

ரயில் தடம் நடப்பதற்கு ஏன் இவ்வளவு தோதானது என்பதில் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள், ஓடைக்கு மேலே செங்கல் வளைவு கட்டினார்கள், வளைவுகளை அகலமாக்கினார்கள். சமவெளிப் பாதைகளில் ஏற்றம் பெரும்பாலும் நூறு அடிக்கு ஓரடிக்கு மேல் போவதில்லை. வயதானவரும் குழந்தையும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் மூச்சு வாங்காமல் போகலாம். மழைக்காலத்தில் வயல் முழுகினாலும் ரயில் மேடு முழுகாது. நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மனிதர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்து ஓய்வெடுக்கும் தூரம். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த கிணறு பல நிலையங்களில் கிடக்கிறது. இந்தத் தடங்கள் எங்கிருந்தோ வந்து விழுந்தவையும் அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து கொங்கு நாட்டுக்கு வணிகர்கள் வந்துபோன வழியில்தான் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அரிக்கமேட்டுச் சரக்கில் ஒரு பகுதி அந்தத் தரைவழியாக வந்திருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் ரயிலால் இணைக்க வேண்டி வந்தபோது பொறியாளர்களும் அதே கணவாயைத்தான் தேர்ந்தார்கள். 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் ஓடியது. முதலில் கால், பிறகு பொதிமாடு, பிறகு வண்டி, பிறகு ரயில். ரயில் இறங்கிவிட்டால் தடம் காலிடம் திரும்பி வருவதுதான் நியாயம்.

தமிழ்நாட்டில் தண்டவாளத்தைப் பெயர்த்த கதைகள் நிறைய. அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் விளங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை பஞ்சத்துக்குப் பேர் போனது. மழை பொய்த்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்பதற்காகவே அங்கே குறுகிய ரயில் பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்தது. அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் இந்தப் பாதைகளை மூடி, தண்டவாளங்களைப் போர்த் தேவைக்குப் பெயர்த்துவிட்டார்கள். பெயர்த்தது தவறு என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து நெருக்கடி அப்படி. ஆனால் இரும்பு போன பிறகு மண்ணை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று வரை கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிடையாது. மொரப்பூர்–தருமபுரி இணைப்பு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு, கடைசியில் 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகும் வேலை இழுத்தடிக்கக் காரணம் நிலம். நூறு வருடத்துக்கு முன் ரயில் ஓடிய வழியில் மறுபடி ரயில் விட, நிலத்தைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி தேனிப் பக்கம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது. அதையும் அதே போரில் பெயர்த்தார்கள். ஆனால் 1950களில் மறுபடி போட்டார்கள், ஏனென்றால் தடம் கலையாமல் கிடந்தது. 2010 இறுதியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக மறுபடி நிறுத்தி, பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகக் காக்க வைத்து, 2023 ஜூனில் போடி வரை விட்டார்கள். ஒரே மாநிலம், ஒரே போர். போடிக்கு இரண்டு முறை ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்கு ஒரு முறையும் வரவில்லை. அரசியல் செல்வாக்கு, ஏலக்காய் வியாபாரம், வருமானக் கணக்கு என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனாலும் மண் கையில் இருந்தால்தான் மற்ற காரணங்கள் பேசவே முடியும்.

புதுச்சேரி மாநிலத்துக்கு உள்ளேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் போட்ட 23 கிலோமீட்டர் பாதை, திருநள்ளாறு வழியாகப் போனது. 1980களில் வருமானம் போதவில்லை என்று நிறுத்தினார்கள். தண்டவாளம் போயிற்று, கருவேலம் வளர்ந்தது, மேடு மட்டும் ஊர் ஊராகத் தெரிந்தது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரத் தொடங்கியதும் ரயிலின் அருமை மறுபடி தெரிந்தது. பழைய தடத்திலேயே இப்போது அகலப் பாதை போடப்பட்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேல் சும்மா கிடந்த அந்தக் கீற்றை, அத்தனை காலமும் திருநள்ளாற்றுக்கு நடந்து போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் வழியாகக் கொடுத்திருக்கலாம். ரயில் வந்த அன்று கைமாற்றியிருக்கலாம். இது என் கற்பனைத் திட்டம் இல்லை. அமெரிக்காவில் 1983இல் இதற்கென்றே சட்டம் திருத்தினார்கள்: கைவிடும் பாதையை நடைவழியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதிர்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும். தடத்தை வங்கியில் போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு. 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ரயில்வே அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபம், நிலம் எங்களுக்குப் பிற்காலத்தில் தேவைப்படும் என்பதுதான். தேவைப்படும் என்பதாலேயே நடக்க விட வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரே இரவில் சுவர் எழும்பாது. எழும்பினாலும் மறுநாள் காலையில் கேள்வி கேட்க நூறு பேர் இருப்பார்கள்.

தமிழர் உழைப்பில் ஓடிய ஒரு ரயில் தடம் சிங்கப்பூரில் இந்தச் சோதனையைத் தாண்டி வந்திருக்கிறது. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழகத்துக் கூலிகள் ஏராளம். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்தார்கள். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் பகுதியில் உள்ள முனீஸ்வரன் கோவில், தண்டவாளத்து ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு சூலத்தை நட்டுக் கும்பிட்டதில் தொடங்கியது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய அந்தப் பாதையில் 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் போனது. உலகத்திலேயே விலை கூடிய நிலங்களில் ஒன்று அது. அடுக்குமாடி கட்டினால் கொட்டும் பணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பாதை மூடுவதற்கு முன்பே, 2010இல், அங்குள்ள இயற்கைச் சங்கம் முழுத் தடத்தையும் அறுக்காமல் பசுமை வழியாக வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. பொதுமக்கள் பெருந்திரளாக வந்து நடந்து பார்த்தார்கள். அரசு ஒப்புக்கொண்டது. இன்று 24 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. புக்கிட் தீமா நிலையத்தைப் பழுதுபார்த்து 2022இல் திறந்தார்கள். நிலப் பஞ்சம் உள்ள தீவே 24 கிலோமீட்டரை விட்டுக்கொடுத்திருக்கிறது. இடமில்லை என்று நாம் சொல்வது எடுபடாது.

இனி எதிர்வாதங்கள். இருப்பதிலேயே கனமானது, கைவிட்ட தடத்தில் குடியிருக்கும் ஏழைகளைப் பற்றியது. வீட்டுமனை வாங்க வழியில்லாதவர்கள் ரயில் மேட்டிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் கூரை போட்டிருக்கிறார்கள். நடைவழி என்ற பெயரில் அவர்களை விரட்டினால் அது நடப்பவர்களின் வசதிக்காக இல்லாதவர்களை நசுக்குவது. நியூயார்க்கில் உயர்மட்டச் சரக்கு ரயில் பாதையைப் பூங்காவாக்கிய பிறகு சுற்றுவட்டாரத்து வாடகை எகிறியதையும் இங்கே நினைவுபடுத்துவார்கள். இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். குடியிருப்பு உள்ள இடத்தில் வழி வளைந்து போகட்டும்; பத்து வீட்டுக்காக நூறு மீட்டர் சுற்றிப் போவதால் நடப்பவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ரயிலுக்குத்தான் நேர்கோடு வேண்டும், காலுக்கு வேண்டாம். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேட்பாரற்ற பொது நிலத்தில் கூரை போட்டவர் இரண்டு சென்டு எடுத்திருப்பார். சுற்றுச்சுவர் போட்டவர் ஏக்கர் கணக்கில் எடுத்திருப்பார். அடையாளம் இல்லாத நிலம் கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதற்குச் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளைப் பார்த்தால் போதும். ஏழைக்கும் பொதுவுக்கும் இந்த விஷயத்தில் பகை இல்லை.

நம் வெயிலில் யார் நடப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் கடலூர் சாலையை ஆகஸ்ட் கடைசியில் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்தும் அதைத் தாண்டியும் வேளாங்கண்ணிக்குக் காவித் துணி உடுத்தி நடக்கும் கூட்டம் புதுச்சேரி, அரியாங்குப்பம், கடலூர் வழியாகத்தான் போகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் லட்சக்கணக்கில். மேல்மருவத்தூர், திருச்செந்தூர், சமயபுரம் என்று வருடம் முழுக்கத் தமிழன் நடந்துகொண்டே இருக்கிறான். உலகத்தில் இவ்வளவு ஜனம், இவ்வளவு தூரம், இவ்வளவு நாளைக்கு நடக்கும் சமூகங்கள் குறைவு. நடக்கிற இடம்தான் கொடுமை: லாரியும் பேருந்தும் பறக்கும் நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இருட்டில், முதுகில் ஒட்டிய ஒளிரும் பட்டையை நம்பி. பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் வண்டி புகுந்தது என்ற செய்தி வராத வருடம் இல்லை. பழனிச் சாலையில் நடப்பவர்களுக்காக ஓரத்தில் தனித் தடம் போட்டது அரசு இந்த உண்மையை உணர்ந்ததற்கு அடையாளம். அதே புத்தி ரயில் தடத்துக்கும் ஆற்றங்கரைக்கும் வர வேண்டும். வெயிலுக்கு மருந்து மரம். தோப்பு வழியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். மாந்தோப்பு நிழலுக்கும் தார்ச்சாலை வெக்கைக்கும் உள்ள வித்தியாசம் செருப்பில்லாமல் நடந்தவருக்குத் தெரியும்.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிப் போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனுக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய சரிவின் அடியில் இருக்கிறது குரங்கணி. அந்தக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அதைச் சொல்லி எல்லா நடையையும் தடுக்க நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சாவு சொல்லும் பாடம் வேறு. வரையறுத்த வழி, தீக்காலத்தில் மூடும் ஒழுங்கு, கூடவே வரும் உள்ளூர் வழிகாட்டி, யார் உள்ளே போயிருக்கிறார்கள் என்ற கணக்கு இவையெல்லாம் வேண்டும் என்பதே அது. அரசும் விபத்துக்குப் பின் விதிமுறை வகுத்தது. 2024இல் வனத்துறை 40 வழிகளை வகுத்து, முன்பதிவோடும் பயிற்சி பெற்ற பழங்குடி, கிராமத்து இளைஞர்களின் துணையோடும் திறந்தது. அதுவே சரியான திசை. ஓடுகிற ரயில் பாதையில் நடப்பதை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சக்லேஷ்பூர் மலைப்பாதையிலும் தூத்சாகர் அருவிப் பக்கத்திலும் தண்டவாளத்தின் மேலேயே நடப்பதைச் சாகசமாக நினைக்கிறார்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு அதற்குச் சிறை வரை தண்டனை வைத்திருக்கிறது, வைத்திருப்பது நியாயமே. நான் கேட்பது ரயில் போய்விட்ட தடத்தை.

அரிக்கமேட்டைப் பொறுத்தவரை தொல்லியல் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. ஆள் வந்தால் மணி பொறுக்குவார்கள், பானையோட்டைக் கொண்டுபோவார்கள், மேடு கலையும் என்கிறார்கள். அது உண்மையும்கூட. இந்த மேட்டில் கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் செய்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பட்டறை நடத்தியிருக்கிறார்கள். மழை பெய்தால் மண் கரைந்து மணி மேலே வரும். ஆனால் மேடு கலைந்தது நடப்பவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜந்தி ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்து எழுதி வைத்தார். அப்போது கண்ணுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்போது இல்லை. செங்கல்லை வீடு கட்ட எடுத்தார்கள். ஆறும் கரையை அரித்தது. பார்க்க வராத இடத்தில்தான் இவ்வளவும் நடந்தது. வேலிக்குள் பூட்டி வைத்த சின்னத்துக்கு ஊரில் காவலர் கிடையாது. மேட்டை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போகும் மரப்பலகை வழி, சாடிப் பிடியின் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கச் சின்ன காட்சியறை, விளக்கிச் சொல்ல காக்காயந்தோப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு வேலை இருந்தால், காக்க ஆள் தானாக வரும். புதுச்சேரிக்கு வரும் பயணிகள் இப்போது வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர் முன் படம் எடுத்துவிட்டு, சுண்ணாம்பாற்றில் படகேறிவிட்டுத் திரும்புகிறார்கள். பாதி வழியில் இருக்கும் இந்த மேடு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே சாலை போட்டார்கள், சட்டம் விட்டுப் போனார்கள். அவர்கள் ஊரில் பிற்பாடு செய்த ஒன்றைப் புதுச்சேரி எடுத்துக்கொள்ளலாம். கள்ளக் கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர் ரோந்து போன கடலோர ஒற்றையடிப் பாதைகள், வேலையற்றுப் புதர் மண்டிக் கிடந்தன. 1976 டிசம்பர் 31ஆம் தேதிச் சட்டம், கடலோரத் தனியார் நிலங்களின் விளிம்பில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்பவருக்கு வழி உண்டு என்று ஆக்கியது. நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கிறது; பட்டா மாறவில்லை; மூன்று மீட்டரில் வழி மறிக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. பிரிட்டனி கடலோரத்தில் இன்று அந்த வழியே நடக்கிறார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை. தோப்புக்காரரிடமிருந்து நிலத்தைப் பறிக்க வேண்டாம், இழப்பீட்டுக்குக் கோடிகளைத் தேட வேண்டாம். கரையோரப் புறம்போக்கு இருக்கும் இடத்தில் அதையே அளந்து கல் நட்டால் போதும். தோப்பு நேரே தண்ணீர் வரை இறங்கும் இடத்தில் மூன்று மீட்டருக்கு உரிமையாளரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். பதிலுக்கு அவருக்கு வேலியும் விளைச்சலுக்குக் காவலும் அரசு தரட்டும்.

இதற்கான ஆவணம் புதிதாக உண்டாக்க வேண்டியதும் இல்லை. வருவாய்த் துறைப் புலப்படங்களில் வண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை, வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் கோடு போட்டுக் கிடக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அ-பதிவேட்டைப் புரட்டினால் பாட்டை என்றே வகை குறித்திருக்கும். தரையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாட்டையில் பாதி உழவுக்குள் போயிருக்கும், மீதி சுவருக்குள். அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து செய்ய வேண்டிய முதல் வேலை, நில அளவைத் துறையிடம் காக்காயந்தோப்பு, அரிக்கமேடு, வீராம்பட்டினம் புலப்படங்களைக் கேட்டு வாங்கி, அவற்றில் உள்ள ஒவ்வொரு வழியையும் ஊர்க்காரர்களோடு நடந்து சரிபார்த்து, கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதுவது. ரயில்வே செய்ய வேண்டியது, தெற்கு ரயில்வே எல்லைக்குள் தண்டவாளம் இல்லாமல் தன் பெயரில் கிடக்கும் கீற்றுகளின் பட்டியலைக் கிலோமீட்டர் வாரியாக வெளியிடுவது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி தடத்தில் இன்னும் அறுபடாமல் மிஞ்சியிருக்கும் மேடுகளிலிருந்து அந்தப் பட்டியலைத் தொடங்கலாம்.